தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் வட்டு



இன்று ஒரு பள்ளி ஆசிரியரில் தொடங்கி, உங்கள் வீட்டு மேசையில் இருக்கும் கணினியில் முடியும் ஒரு வரலாற்றை எழுதப் போகிறேன். நீளமான பதிவுதான். ஆனால் உங்கள் குடும்பப் படங்களும் ஆவணங்களும் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன என்றால், பொறுமையாகக் கடைசி வரை வாசித்துவிடுங்கள்.

அந்த ஆசிரியரின் பெயர் ரெனால்ட் ஜான்சன். 1906-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்தவர். 1930-களின் தொடக்கத்தில் மிச்சிகன் மாநிலத்தில் அயர்ன்வுட் என்னும் ஊரில் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியராக இருந்தார். கட்டுக் கட்டாக விடைத்தாள் திருத்துவது என்றால் என்னவென்று நம்மைப் போன்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வேலையை ஓர் இயந்திரம் செய்தால் என்ன என்று அவர் யோசித்தார்.

அதற்கு அவருக்குக் கைகொடுத்தது சிறுவயதுக் குறும்பு ஒன்று. அவருடைய சகோதரிகளைப் பார்க்க வரும் இளைஞர்களின் கார்களில், ஸ்பார்க் பிளக்கின் மேல் பென்சிலால் கோடு கிழித்துவிடுவாராம். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும். பொறி பறக்க வேண்டிய மின்சாரம் கோட்டின் வழியே ஓடிவிடும், வண்டி கிளம்பாது. மாணவர் விடைத்தாளில் பென்சிலால் நிரப்பும் கட்டத்தையும் இதேபோல மின்சாரத்தால் கண்டுகொள்ளலாமே என்பதுதான் அவருடைய யோசனை. சரியான கட்டங்களில் பாயும் மின்னோட்டத்தைக் கூட்டினால் மதிப்பெண் வந்துவிடும். 1934-இல் ஐபிஎம் நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. அந்த யோசனைதான் பிறகு ஐபிஎம் 805 என்ற விடைத்தாள் திருத்தும் இயந்திரமாக வெளிவந்தது.

இங்கேயே கதை முடிந்திருந்தால் கல்வித் துறைக்காரர்கள் மட்டும் அவரை நினைவில் வைத்திருப்பார்கள். 1952-இல் ஐபிஎம் அவரைக் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகருக்கு அனுப்பி, அங்கே ஒரு சிறிய ஆய்வகத்தைத் தொடங்கச் சொன்னது. அப்போது அலுவலகக் கணக்குகள் எல்லாம் துளையிட்ட அட்டைகளிலும் காந்த நாடாக்களிலும் இருந்தன. நாடாவின் நடுவில் இருக்கும் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டுமென்றால் முதலிலிருந்து ஓட்டிக்கொண்டு வர வேண்டும். புத்தகத்தைப் புரட்டி வேண்டிய பக்கத்துக்கு நேராகப் போவது போல, வேண்டிய தகவலுக்கு நேராகப் போக வழி உண்டா? ஜான்சனின் குழு தேடிய விடை அதுதான்.

விடையாக வந்தது சுழலும் வட்டுகளின் அடுக்கு. அலுமினியத் தகட்டின் மேல் இரும்பு ஆக்ஸைடு கலந்த பூச்சை ஊற்றிச் சுழற்றிப் பரப்பினார்கள். பூச்சில் கட்டி எதுவும் இருக்கக் கூடாது என்பதற்காகப் பெண்கள் அணியும் காலுறைத் துணியில் வடிகட்டினார்கள். நம் வீட்டில் மாவு சலிப்பது போல! 1956 செப்டம்பரில் ஐபிஎம் இதை ராமாக் என்ற பெயரில் உலகுக்கு அறிவித்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். நிமிடத்துக்கு 1200 சுற்று. எடை ஏறத்தாழ ஒரு டன். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று உங்கள் செல்பேசி எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதில் கொள்ளுமா என்பது சந்தேகம். அறிவிப்புக்கு முன்பே, அதே ஆண்டு ஜூனில், முதல் இயந்திரம் சான் பிரான்சிஸ்கோவின் செல்லர்பாக் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அது காகித வியாபாரம் செய்த நிறுவனம். காகிதத்தின் இடத்தைப் பிடிக்க வந்த பொருளை முதலில் வாங்கியது காகிதக் கடைக்காரர்!

விடைத்தாளுக்கு மதிப்பெண் போடும் இயந்திரத்தைச் செய்தவர்தான் ஹார்ட் டிஸ்க்கை உருவாக்கிய குழுவுக்கும் தலைவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து, அந்த டிஸ்க்குக்கே ஒரு மதிப்பெண் பட்டியல் வந்தது. இந்தப் பதிவின் மையம் அந்தப் பட்டியல்தான்.

வட்டு ஏன் கெட்டுப்போகிறது என்பதை முதலில் பார்ப்போம். தகவலை எழுதவும் படிக்கவும் ஒரு நுண்ணிய முனை உண்டு. அது வட்டைத் தொடாமல், காற்றுப் படலத்தின் மேல் மிதந்தபடி வேலை செய்கிறது. ராமாக்கில் அந்த இடைவெளி சுமார் 20 மைக்ரான். இன்றைய வட்டுகளில் அது சில நானோமீட்டர்களாகக் குறைந்துவிட்டது. தூசு புகுந்தாலோ, ஓடும்போது இடி வாங்கினாலோ, முனை வட்டில் உரசிவிடும். உரசிய இடத்தில் இருந்த எழுத்து போயே போய்விடும்.

ஆரம்ப காலத்தில் வட்டுகளைக் கழற்றி மாட்டலாம். பொறியாளர் கீறலைக் கண்ணால் பார்க்கலாம். 1973-இல் ஐபிஎம் கொண்டுவந்த 3340 என்ற வடிவத்தில் வட்டும் முனையும் ஒரே பெட்டிக்குள் சேர்த்து மூடப்பட்டன. இரண்டு 30 மெகாபைட் பகுதிகளாக அதைத் திட்டமிட்டிருந்ததால், 30-30 ரகத் துப்பாக்கி ஒன்றின் நினைவில் வின்செஸ்டர் என்று செல்லப் பெயர் வைத்தார்கள். 1980-இல் சீகேட் நிறுவனம் 5 மெகாபைட் வட்டை மேசைக் கணினிக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கியது. மூடிய பெட்டி வீட்டுக்குள் வந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கும் வழி அடைந்தது.

ஆனால் அந்தக் காலத்து வட்டுகளிடம் ஒரு நேர்மை இருந்தது. குறையே இல்லாத வட்டைச் செய்ய முடியாது என்பது தயாரிப்பாளர்களுக்குத் தெரியும். அதனால் எந்தெந்த இடத்தில் குறை இருக்கிறது என்று சோதித்து, அந்தப் பட்டியலை வட்டின் மேலேயே ஒரு தாளில் ஒட்டி அனுப்பினார்கள். வாங்கியவர் அந்த எண்களைக் கணினியில் தட்டச்சு செய்து, அந்த இடங்களைப் பயன்படுத்தாதே என்று சொல்ல வேண்டும்.

1980-களின் பிற்பாதியில் நிலைமை மாறியது. வட்டைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை வட்டுக்குள்ளேயே குடியேறியது. இனி ஓர் இடம் கெட்டுப்போனால், வட்டு தானாகவே ஓர் உதிரி இடத்தை எடுத்து அதன் பெயரில் வைத்துக்கொள்ளும். கணினிக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வெளியே பார்த்தால் எல்லா வட்டும் குறையில்லாத வட்டு. வசதிதான்! ஆனால் உதிரி இடங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்து ஒருநாள் விழும்போது, நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது என்று நாம் கையைப் பிசைவோம். வலியை வெளியே காட்டாத நோயாளியைப் போன்றது இது.

இந்த மறைப்பிலிருந்துதான் அடுத்த தேவை பிறந்தது. வட்டுக்குத் தன் உடல்நிலை தெரியும். அதைச் சொல்ல வைக்க வேண்டும். 1992-இல் ஐபிஎம் தன் ஏஎஸ்/400 சர்வர்களுக்கான வட்டுகளில் முன்கூட்டியே எச்சரிக்கும் ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வட்டு தன்னைத் தானே அளந்து பார்த்து, நலம் அல்லது விரைவில் விழலாம் என்று இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லும். சில காலம் கழித்து காம்பாக் என்ற கணினி நிறுவனம், சீகேட், குவாண்டம், கானர் ஆகிய வட்டுத் தயாரிப்பாளர்களோடு சேர்ந்து இன்டெலிசேஃப் என்ற வேறொரு முறையை உருவாக்கியது. இதில் வட்டு தீர்ப்பை மட்டும் சொல்லாது. அளவீடுகளையும் கணினியிடம் கொடுக்கும்.

1995-இல் காம்பாக் தன் முறையைப் பொதுத் தரமாக்கும்படி தொழில்துறைக் குழுவிடம் கொடுத்தது. ஐபிஎம், வெஸ்டர்ன் டிஜிட்டல் உள்ளிட்ட போட்டியாளர்களும் ஆதரித்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் ஸ்மார்ட். தன்னைத் தானே கண்காணித்து, ஆராய்ந்து, அறிவிக்கும் நுட்பம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. இன்று உங்கள் கணினியில் இருக்கும் வட்டில் இது கட்டாயம் இருக்கும்.

ஆனால் அந்த உடன்பாட்டில் ஒரு விட்டுக்கொடுத்தல் இருந்தது. வட்டிடம் எப்படிக் கேட்பது என்பதை எல்லாரும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டார்கள். எதை அளப்பது, எவ்வளவு போனால் ஆபத்து என்பதை ஒவ்வொரு நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். நம் பாஷையில் சொன்னால், கேள்வித்தாளின் வடிவம் பொது. விடையைத் திருத்துவதும் தேர்ச்சி மதிப்பெண்ணை வைப்பதும் தேர்வு எழுதுபவரே!

இந்தப் பட்டியலை லினக்ஸில் படிக்கும் வழி எங்கிருந்து வந்தது என்பதும் சுவையான கதை. ஜான்சனின் ஆய்வகம் இருந்த சான் ஹோசேவிலிருந்து மலையைத் தாண்டினால் சான்டா குரூஸ். அங்குள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கார்ன்வெல் என்பவர் ஸ்மார்ட்சூட் என்ற சிறு மென்பொருளை எழுதினார். பிறகு அதைக் கவனிக்க ஆளில்லாமல் போனது. 2002-இல் அதைக் கையில் எடுத்தவர் புரூஸ் ஆலன். அவர் கணினிக்காரர் அல்லர், இயற்பியலாளர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மில்வாக்கி வளாகத்தில், ஈர்ப்பலைகளைத் தேடும் லைகோ திட்டத்தின் தரவுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காக ஏறத்தாழ 300 சாதாரணக் கணினிகளை இணைத்து வைத்திருந்தார். 300 கணினி என்றால் குறைந்தது 300 வட்டு. எது எப்போது விழும் என்று தெரிந்தாக வேண்டும். அந்தத் தேவையில் வளர்ந்ததுதான் ஸ்மார்ட்மான்டூல்ஸ். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று உலகுக்கே கொடுத்துவிட்டார்.

ஆலன் பிறகு ஜெர்மனியின் ஹானோவரில் மாக்ஸ் பிளாங்க் ஈர்ப்பியற்பியல் நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவரானார். 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ கருவிகள் முதன்முதலாக ஈர்ப்பலையைப் பதிவு செய்தபோது, அந்தப் பதிவைத் திரையில் முதலில் கவனித்தவர் அதே நிறுவனத்தின் இளம் ஆய்வாளர். அண்டத்தின் அசைவைக் கேட்கப் புறப்பட்டவர்கள் வழியில் செய்து வைத்த கருவி, இன்று நம் வீட்டு வட்டின் நாடியைப் பிடித்துப் பார்க்க உதவுகிறது.

அந்த மென்பொருளோடு ஒரு பெரிய பட்டியலும் வருகிறது. எந்த நிறுவனத்தின் எந்த மாதிரி வட்டில் எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்ற பட்டியல். பொது விதி எதுவும் சொல்லாமல் விட்டதை, உலகெங்கும் உள்ள பயனர்கள் தங்கள் வட்டுகளின் விவரத்தை அனுப்பி அனுப்பிச் சேர்த்தார்கள். இன்றும் அது வளர்கிறது.

சரி, இனிச் செய்முறை. கட்டளைகளின் பெயரைத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கணினியில் என்னென்ன வட்டுகள் இருக்கின்றன என்று தெரிய வேண்டும். டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிஎல்கே என்று தட்டுங்கள். ஐந்து எழுத்துதான். எஸ்டிஏ, எஸ்டிபி என்று வந்தால் அவை வழக்கமான வட்டுகள் அல்லது யுஎஸ்பி வட்டுகள். என்விஎம்இ என்று தொடங்கினால் புதிய வகை எஸ்எஸ்டி. பெயரோடு அளவையும் காட்டும். எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் அடுத்த கட்டளைக்குப் போகாதீர்கள்.

அடுத்து, ஸ்மார்ட்மான்டூல்ஸை நிறுவிக்கொள்ளுங்கள். அதில் உள்ள முக்கியக் கட்டளை ஸ்மார்ட்சிடிஎல். முன்னால் சுடோ சேர்க்க வேண்டும். பின்னால் /டெவ்/எஸ்டிஏ என்று வட்டின் பெயர் வர வேண்டும். நடுவில் -ஐ போட்டால் வட்டின் தயாரிப்பாளர், மாதிரி, வரிசை எண், அளவு எல்லாம் வரும். இது அடையாள அட்டை. நடுவில் -எச் போட்டால், இங்கே எச் பெரிய எழுத்து, வட்டு நலமா என்று கேட்பதாகப் பொருள். பெரும்பாலும் பாஸ் என்று பதில் வரும்.

பலர் இந்தப் பாஸைப் பார்த்து நிம்மதியாகக் கணினியை மூடிவிடுகிறார்கள். அங்கேதான் நான் கையைப் பிடித்து நிறுத்த விரும்புகிறேன்.

-ஏ போடுங்கள், இதுவும் பெரிய எழுத்து. ஒரு நீண்ட அட்டவணை வரும். ஒவ்வொரு வரியும் ஒரு பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேல்யூ என்ற பத்தியில் மதிப்பெண். த்ரெஷ் என்ற பத்தியில் தேர்ச்சி எல்லை. கடைசிப் பத்தியில் ரா வேல்யூ, அதாவது திருத்தாத விடைத்தாள். மதிப்பெண் 100 அல்லது 200 போன்ற உயரத்தில் தொடங்கி, வட்டு தேயத் தேயக் குறையும். தேர்ச்சி எல்லையைத் தொட்டால்தான் ஃபெயில்.

5-ஆம் எண் வரியைப் பாருங்கள். கெட்டுப்போய் உதிரிக்கு மாற்றப்பட்ட இடங்களின் கணக்கு அது. சில வட்டுகளில் அதன் தேர்ச்சி எல்லை 36. நம் பள்ளிக்கூடத்து 35-க்குப் பக்கத்து வீடு! 100-இலிருந்து 40-க்குச் சரிந்த வட்டுக்கும் பாஸ்தான். 197-ஆம் எண் இன்னும் மோசம். படிக்க முடியாமல், என்ன செய்வது என்று வட்டு முடிவெடுக்காமல் வைத்திருக்கும் இடங்களின் எண்ணிக்கை அது. பெரும்பாலான வட்டுகளில் இதற்குத் தேர்ச்சி எல்லை பூஜ்யம். மதிப்பெண்ணோ 1-க்குக் கீழே போகாது. அப்படியென்றால் இந்தப் பாடத்தில் எந்த வட்டும் எந்தக் காலத்திலும் ஃபெயில் ஆக முடியாது. நூறு இடங்களைப் படிக்க முடியாமல் தவிக்கும் வட்டும் பாஸ் என்றே சொல்லும்.

இது வெறும் கணக்கு வேடிக்கை இல்லை. என்னிடம் படித்த ஒருவர் ஊர் ஊராகப் போய் ஒப்பாரியும் தாலாட்டும் பாடும் வயதான பெண்களின் குரலைப் பதிவு செய்பவர். கோப்புகளைத் திறக்க நேரமாகிறது ஐயா, ஆனால் வட்டு பாஸ் என்கிறது என்று அழைத்தார். 197-ஆம் வரியின் கடைசிப் பத்தியை வாசிக்கச் சொன்னேன். 48 என்றார். வேறு எந்தச் சோதனையும் வேண்டாம், முதலில் நகல் எடுங்கள் என்றேன். அன்றிரவே எடுத்தார். 11 கோப்புகள் வரவில்லை. அவற்றில் 2 கோப்புகளில் பாடியவர் அதற்கு முன் ஆண்டே காலமாகிவிட்டார். அந்தப் பாட்டை இனி யாரிடம் போய்ப் பதிவு செய்வது? வட்டு கடைசி வரை பாஸ் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆகவே மதிப்பெண்ணை விட்டுவிட்டு விடைத்தாளைப் பாருங்கள். கடைசிப் பத்தியில் 5 வரிகள் முக்கியம்: 5, 187, 188, 197, 198. எல்லா வட்டிலும் இந்த ஐந்தும் இருக்காது, இருப்பதைப் பாருங்கள். 5-உம் 197-உம் மேலே சொன்னவை. 187, திருத்த முடியாமல் போன பிழைகள். 188, கொடுத்த கட்டளைக்கு நேரத்தில் பதில் வராத தடவைகள். 198, வட்டு தானாகச் சோதித்தபோது படிக்க முடியாதவை. பல்லாயிரம் வட்டுகளை ஓட்டும் பேக்பிளேஸ் என்ற சேமிப்பு நிறுவனம் தன் அனுபவத்தில் பொறுக்கியெடுத்த ஐந்து இவை. 2016-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கில், விழுந்த வட்டுகளில் 76.7 விழுக்காடு இந்த ஐந்தில் ஏதாவது ஒன்றில் பூஜ்யத்தைத் தாண்டியிருந்தன. ஓடிக்கொண்டிருந்த வட்டுகளில் 4.2 விழுக்காடு மட்டுமே அப்படி இருந்தன.

வேறு சில எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1-ஆம் வரியில் சீகேட் வட்டுகள் கோடிக்கணக்கில் எண் காட்டும். அது அவர்கள் கணக்கு எழுதும் முறை. 9-ஆம் வரி வட்டு ஓடிய மணிநேரம். பழைய கணினி வாங்குபவர்கள் இதை முதலில் பாருங்கள். புத்தம் புதியது என்று விற்பவரின் வாக்கைவிட இந்த வரி நம்பகமானது. 199-ஆம் வரி ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் குற்றவாளி வட்டு இல்லை, கேபிள். கேபிளை மாற்றிப் பாருங்கள். வட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

வட்டைத் தேர்வு எழுத வைக்கவும் வழி உண்டு. -டி ஷார்ட் என்றால் சிறு தேர்வு. 2 நிமிடம் அளவில் முடியும். -டி லாங் என்றால் முழுத் தேர்வு; வட்டின் எல்லா இடத்தையும் படித்துப் பார்க்கும்; பல மணி நேரம் ஆகலாம். இரண்டுமே உங்கள் கோப்புகளை அழிப்பதில்லை. முடிவை -எல் செல்ஃப்டெஸ்ட் என்று கேட்டுப் பெறலாம். ஆனால் 197-இல் எண் ஏறியிருக்கும் வட்டுக்கு நகல் எடுக்கும் முன் முழுத் தேர்வு வைக்காதீர்கள். காய்ச்சலில் கிடப்பவரை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வது போன்றது அது.

யுஎஸ்பி பெட்டியில் உள்ள வட்டு சில நேரம் பதில் சொல்லாது. நடுவில் நிற்கும் பெட்டி கேள்வியைக் கடத்துவதில்லை. -டி சாட் என்று சேர்த்துக் கேட்டால் பல பெட்டிகள் வழிவிடும். மேலே தேர்வுக்குப் போட்டது ஆங்கிலத்தில் டீ குடிப்போமே, அந்த டி. இங்கே போட வேண்டியது டிஸ்க்கின் முதல் எழுத்து. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

என்விஎம்இ வகை எஸ்எஸ்டிகளில் நிலைமை கொஞ்சம் மேல். 2011-இல் வந்த அந்தத் தரம், எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதைப் பெரும்பாலும் பொதுவாகவே வகுத்துவிட்டது. -ஏ என்று சிறிய எழுத்தில் போட்டால் தெளிவான வரிகள் வரும். ஆயுளில் எத்தனை விழுக்காடு செலவானது, உதிரி எவ்வளவு மிச்சம், படிப்பதில் எத்தனை பிழை என்ற மூன்றையும் பாருங்கள். முதல் எண் 100-ஐத் தாண்டவும் செய்யும்; உத்தரவாதக் கணக்கு முடிந்தது என்று பொருள், அந்த நொடியே விழும் என்று பொருள் இல்லை.

கட்டளை தட்டத் தயங்குபவர்களுக்கு, க்னோம் திரை உள்ள லினக்ஸில் டிஸ்க்ஸ் என்றே ஒரு செயலி இருக்கிறது. அதே எண்களை அதுவும் காட்டும். இன்னொன்று, ஸ்மார்ட்மான்டூல்ஸோடு ஸ்மார்ட்டி என்ற காவலாளியும் வருகிறார். இயல்பாக அரை மணிக்கு ஒருமுறை வட்டைக் கேட்டு, மாற்றம் இருந்தால் குறித்து வைப்பார். ஏற்பாடு செய்து கொடுத்தால் மின்னஞ்சலும் அனுப்புவார்.

இவ்வளவும் செய்தால் போதுமா? போதாது. இதைச் சொல்லாவிட்டால் நானும் பொய்யாகப் பாஸ் போட்டவன் ஆகிவிடுவேன். கூகுள் நிறுவனத்தின் மூன்று ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வட்டின் பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்டுவிட்டால், அடுத்த 60 நாளில் அந்த வட்டு விழும் வாய்ப்பு, பிழையே காட்டாத வட்டைவிட 39 மடங்கு என்று கண்டார்கள். ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் உண்டு. விழுந்த வட்டுகளில் பாதிக்கும் மேல், 56 விழுக்காட்டுக்கு மேல், முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. பேக்பிளேஸ் கணக்கிலும் நான்கில் ஒரு பங்கு சொல்லாமல் கொள்ளாமல்தான் போனது.

அதாவது, வட்டு ஆபத்து என்று சொன்னால் நம்புங்கள். நலம் என்று சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். ஆபத்து என்ற சொல்லுக்குப் பின்னால் சான்று இருக்கிறது. நலம் என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது, இன்னும் எல்லையைத் தொடவில்லை என்பது மட்டுமே. சோதனை செய்வது நகல் எடுக்க நமக்கு அவகாசம் கிடைப்பதற்காக. நகலுக்குப் பதிலாகச் சோதனை ஒருநாளும் நிற்காது.

ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்குப் பதிவேடு எழுதும் பழக்கம் போகாது. அதையே உங்களுக்கும் யோசனையாகச் சொல்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் உங்கள் வட்டின் வரிசை எண்ணை எழுதி, மாதத்தின் முதல் நாளில் மேலே சொன்ன ஐந்து எண்களையும் குறித்து வையுங்கள். ஐந்து நிமிட வேலை. 5-ஆம் வரியில் 8 என்று ஓராண்டாக நின்றால் கவலையில்லாமல் கவனித்துக்கொண்டிருக்கலாம். போன மாதம் 8, இந்த மாதம் 40 என்றால் அன்றே புதிய வட்டு வாங்கக் கிளம்புங்கள். ஒரு நாள் தேர்வைவிட வருகைப் பதிவேடு ஒரு பிள்ளையைப் பற்றி அதிகம் சொல்லும் என்பது வகுப்பில் நின்றவர்களுக்குத் தெரியும்.

நகலை வேறொரு வட்டில், முடிந்தால் வேறொரு வீட்டில் வையுங்கள். மகன் வீடு, தங்கை வீடு, எதுவானாலும் சரி. எடுத்த நகல் திறக்கிறதா என்று ஒன்றிரண்டு கோப்புகளைத் திறந்தும் பாருங்கள்.

இதை வாசிப்பவர்களில் யாருக்காவது 197-ஆம் வரியில் பூஜ்யம் தவிர வேறு எண் வந்தால், எனக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் நகல் எடுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.